யார் சாண்?

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு உடம்புக்கு நலம், மனசுக்கு இல்லை. அங்கு எல்லோரும் இரண்டுக்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு நீங்கள்தான் வந்து புத்தி சொல்ல வேண்டும்.

இங்கே படகுக்காரர்களும் மீன் விற்கும் பெண்களும் சேர்ந்து கடல் காப்புக் குழு தொடங்கி, உங்கள் தங்கையைத் தலைவியாக்கிவிட்டார்கள். மீன் குஞ்சு வளரும் இடம் என்று குடாவைச் சுற்றி மிதவை கட்டி மூடினார்கள். போகட்டும் என்றிருந்தேன். அடுத்து, வளராத மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்றார்கள். மத்தி, நெத்திலிக்கு மட்டும் விலக்கு. எத்தனை அங்குலம் என்று இழுபறி. மீன் வியாபாரத்துக்கு வெறுங்கையோடு வந்து ஐஸ் அறை வரை கட்டியவன் நான், சும்மா இருப்பேனா? "அங்குலம் கிங்குலம் எதுக்கு? எல்லார்கிட்டயும் கை இருக்கு. ஒரு சாண்னு வெச்சுக்குங்க" என்றேன். சாண் ஆளுக்கு ஆள் மாறும், என் கையோ சின்னக் கை, வளைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் தங்கை மட்டும் தட்டாமல், "சரி, யார் சாண்?" என்று கேட்டாள்.

போச்சு மச்சான். படகு பழுதுபார்ப்பவன் ஒருவன், பட்டப்பெயர் துடுப்பு. அவன் கையை விரித்தால் இரண்டு பேருக்கு நிழல் கிடைக்கும். அவன் சாண் நீளத்தை ஒரு பலகையில் கோடு போட்டு, என் ஏலக் கொட்டகைக் கதவிலேயே ஆணி அடித்துவிட்டார்கள். படகுக்குப் படகு அதே அளவில் ஒரு குச்சி. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்; எனக்குச் சாணே சறுக்கிவிட்டது. நேற்று அரை விரல் குறைந்த ஒரு மீனைப் பலகையில் வைத்து வாலைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். "என்ன முதலாளி, மீனுக்கு உடற்பயிற்சியா?" என்று கூடைக்காரி கேட்க, கொட்டகையே சிரித்தது.

உணவு விடுதிக்காரருக்குத் தினமும் தட்டளவு மீன் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தட்டில் அடங்கும் மீனே வருவதில்லை. "இந்த வாரமும் இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்கிறார். என் பெரிய வாடிக்கையே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை, குடாவை இன்னும் மூன்று வருடம் மூடுவதா, இல்லை சாண் சட்டத்தையும் எடுத்துவிட்டுத் திறப்பதா என்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். வீட்டில் கெஞ்சினேன். "இங்க நான் உங்க பொண்டாட்டி. தலைவிகிட்ட பேசணும்னா மனு எழுதிக் குடுங்க" என்கிறாள். உங்கள் பேரில் இங்கே ஒரு படகு இருப்பதால் உங்களுக்கும் ஒரு கை உண்டு. அவசியம் வந்து, திறக்கச் சொல்லித் தூக்குங்கள்.

உங்கள் குடும்பம் நோயின்றியும் படகு ஓட்டையின்றியும் நெடுநாள் விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் மாட்டிக்கொண்டவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கரையில் சத்தம். வெளியூர்ப் படகு ஒன்று மிதவையைத் தாண்டிக் குடாவுக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்தது. வலை நிறைய விரல் நீளக் குஞ்சுகள். என் அடுத்த வருஷத்துச் சரக்கை எவனோ வாரிக்கொண்டு போகிறான்! போட்ட சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, "வெளிய போடா! இது எங்க குடா!" என்று கத்தியிருக்கிறேன். படகு ஓடிவிட்டது. திரும்பினால் ஊரே கரையில் நிற்கிறது. உங்கள் தங்கை மெதுவாக, "எங்க குடாவா?" என்றாள். விடுதிக்காரரிடம் பெரிய தட்டாக வாங்கச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூடுவதற்கே கை தூக்குங்கள். யாராவது கேட்டால், நீங்களே யோசித்து எடுத்த முடிவு என்று சொல்லுங்கள்.