காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு வரவும்

அன்பும் பொறுமையும் (குறிப்பாகப் பொறுமையும்) நிறைந்த மாப்பிள்ளை, வாகனத் தகுதி ஆய்வாளர் அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் இடுப்பும் வலது தோளும் அத்தனை சௌக்கியமில்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே மலைக்குளிரில் நீங்களும் என் மகளும் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "மாமா, ரூல்னு ஒண்ணு இருக்கே" என்று குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

நீங்கள் இன்று இருக்கும் அதே பதவியில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு சிபாரிசும் ஏற்றதில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் அப்பாவின் வேனையே தள்ளுபடி செய்தேன். உங்கள் வீட்டார் மண்டபத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார்கள். இன்றுவரை சம்பந்தி என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஒன்று "ம்", இன்னொன்று "வரேன்". அப்பேர்ப்பட்ட நான் இன்று சிபாரிசுக் கடிதம் எழுதுகிறேன், அதுவும் எனக்காகவே.

எல்லாம் நான் ஓய்வு பெற்ற மறுநாள் ஆரம்பித்தது. "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் தட்டித் தட்டிப் பாத்தீங்க, நம்ம வாசல்ல ஒரு சைக்கிள்கூட நிக்கலியே" என்றாள் உங்கள் அத்தை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அலுவலகத்துப் பின்பக்கம் ஏலம் விடுகிற இடத்துக்குப் போய், செடி முளைத்துக் கிடந்த ஒரு பழைய ஜீப்பை, வேறு யாரும் கேட்காத காரணத்தால், சல்லிசாக எடுத்தேன். வீட்டுக்கு இழுத்து வந்து கழுவிப் பார்த்தால் பானெட்டில் "ஓட்டத் தகுதியற்றது" என்று பெயிண்டில் எழுதி, அடியில் என் கையெழுத்து! பத்தொன்பது வருடத்துக்கு முன்பு நானே ஓரங்கட்டிய வண்டி. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். நானோ, அந்தக் காலத்தில் என் கையெழுத்து எவ்வளவு அழகு என்று உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பென்ஷனில் வண்டிக்கென்று அத்தை ஒதுக்கியதில் ஒரு நல்ல டயர் வாங்கலாம், டியூப் வாங்க முடியாது. அதனால் தெருக்கோடி மெக்கானிக்கைப் பிடித்தேன். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதிலே அவருக்குப் பெயராகிவிட்டது: பாத்துக்கலாம். முதல் வாரம் நான் கம்பி பிரஷ்ஷை வைத்துத் துருவைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஜீப் குறைந்துகொண்டே வந்தது. பாத்துக்கலாம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், துருவை விட்ருங்க, அதுதான் வண்டியப் பிடிச்சிட்டிருக்கு!" உட்கார்ந்தால் காலடியில் ரோடு தெரிந்தது. மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையைப் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கி, வெட்டிப் பதித்தோம். ஓட்டுகிறவர் காலடியில் "வலியில்லாமல்" என்றும் பக்கத்தில் உட்காருகிறவர் காலடியில் "பிடுங்கப்படும்" என்றும் இப்போது படிக்கலாம். இருக்கைகள், இடித்துவிட்ட சினிமா தியேட்டரிலிருந்து வந்தவை. நல்ல பஞ்சுதான், ஆனால் ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். வேகத்தடையில் உங்கள் அத்தை நாலு விரல்கடை எழும்பினாள். படம் முடிந்து கிளம்புகிறாள் என்று நினைத்து இருக்கை மடங்கிவிட்டது. பெட்ரோல் டாங்கின் ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருக்கிறோம், குளியலறைச் சோப்பு எங்கே போகிறது என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. சாவி போட்டால் கிளம்பாது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றில் வண்டி கிளம்பும், இல்லாவிட்டால் என் தோள் கிளம்பும். "பிரேக் மிதிச்சா ரொம்ப உள்ள போகுதேப்பா" என்று போன வாரம் கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை எங்கள் ஊர் மைதானத்துக்கு நீங்கள் ஆய்வுக்கு இறங்கி வருகிறீர்கள். அன்று தேறாவிட்டால் புது விதிப்படி ஜீப் காயலான் கடைக்குப் போகும். தேறினால், மறுநாளே அதில் ஏறி மலைக்கு, உங்கள் வீட்டுக்கு வருவதென்று அத்தை முடிவு செய்து, தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. கூட நின்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். தகரத்தின் ஓட்டைகளைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று ஒட்டிப் பார்க்க ஒரு காந்தம் வைத்திருந்தேனே, பதவியேற்ற அன்று உங்களுக்குக் கொடுத்தேனே, அது திங்களன்று உங்கள் வீட்டு மேஜையிலேயே இருக்கட்டும். என் ஜீப்பில் அது ஒட்டுகிற இடங்கள் இரண்டு. ஒன்று ஸ்டியரிங், இன்னொன்று என் சட்டைப்பையில் இருக்கும் ஸ்பேனர். சுத்தியலால் தட்டுவதென்றால் என் பக்கத்துக் கதவை மட்டும் தட்டவும், மெதுவாக. வண்டி ஆய்வுக்கென்று நான் எழுதிய நாற்பத்து மூன்று அம்சப் படிவத்தில் பாதி, இப்போது யோசித்தால், அநாவசியக் கெடுபிடி.

நீங்கள் பதவி உயர்வும் பிள்ளைச் செல்வமும் பெற்று, எந்த மாமனாரும் கடிதம் எழுதாத நிம்மதியுடன் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். தபால் பெட்டி வரைக்கும்தானே என்று ஜீப்பிலேயே கிளம்பினோம், அத்தையும் ஏறிக்கொண்டாள். தெருமுனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. வீடு கட்டுகிறவர் கொட்டி வைத்திருந்த மணல் குவியல்தான் நிறுத்தியது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளோ மடியில் விழுந்த மணலைத் தட்டிவிட்டு, "எதுக்கு இப்படி வேர்க்குது? நீங்க பாத்த வண்டிதானே, ஒண்ணும் ஆகாது, எடுங்க" என்றாள். கொஞ்சம் பயந்திருந்தால்கூட எனக்குத் தேவலை, மாப்பிள்ளை. அவள் முகத்தில் பயமே இல்லை. யார் யார் மனைவியோ பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று அத்தனை வருடம் தட்டிப் பார்த்தவன், என் மனைவியை எதில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போக இருந்தேன்! மேலே கேட்டது எதுவும் வேண்டாம். திங்களன்று தயவுதாட்சண்யம் இல்லாமல் தள்ளுபடி செய்யுங்கள். நானே சொன்னால் "உங்களுக்கு உங்க மேலயே நம்பிக்கை இல்லையா" என்பாள். நீங்கள் சொன்னால் அது சட்டம். மாமா எவ்வளவோ கெஞ்சினார், நான்தான் மசியவில்லை என்று சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறோம். இரண்டு நாள் உங்களை வாய் ஓயாமல் திட்டுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கு அவள் முழுசாக வந்து சேர்ந்தால் எனக்குப் போதும்.