பின்னூசி சார் அழிக்க மறுத்த டைரி

உலகத்தில் எந்த மெஷினின் மூளையையும் ஒரே நொடியில் துடைத்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆபீசில்தான் இருந்தார். ஆனால் அந்த ஒரு நொடிக்காக அவர் நாள் பார்த்து, நேரம் பார்த்து, கை கழுவி, முகம் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நமக்கு இந்தப் பிறவி முடிந்து அடுத்த பிறவி தொடங்கிவிடும்.

அவருக்குப் பெயர் பின்னூசி. அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் பதிவேட்டில் இருந்திருக்கும்; நான் தேடிப் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நான் குமாஸ்தா, அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு பின்னூசி குத்தியிருப்பார். அதுதான் அவருடைய தொழில் கருவி.

அப்போது சிங்கப்பூர், துபாயிலிருந்து வரும் உறவினர்கள் செண்ட் பாட்டிலோடு ‘டிஜிட்டல் டைரி’ என்று ஒன்றையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சோப்பு டப்பா அளவு. திறந்தால் கடுகு கடுகாகப் பட்டன்கள். டெலிபோன் நம்பர், பிறந்த நாள், குறிப்பு என்று எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். ஒரு நாள் திடீரென்று அது பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும். அதன் முதுகில் பொடி எழுத்தில் ‘ரீசெட்’ என்று எழுதி ஒரு துளை இருக்கும். அதில் ஊசி முனையால் அழுத்தினால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருந்ததெல்லாம் போய், கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிடும். அந்தத் துளையில் ஊசி வைக்கிற தைரியம் எங்கள் வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

“பின்னூசி சார் கைல குட்த்தா பொட்டி பொறந்த கொயந்த மாரி ஆய்டும் சார். அப்பன் பேரு கூட அதுக்குத் தெரியாது” என்பான் அட்டெண்டர் ஏகாம்பரம்.

எங்கள் மானேஜரின் டைரி ஒரு முறை மக்கர் செய்தது. திரை தெரிகிறது, பட்டன்கள் பாதி வேலை செய்யவில்லை. பின்னூசி அவரையே உட்கார வைத்து, உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் நம்பர்களையும் நோட்டில் எழுத வைத்தார். பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் விசாரணை வேறு.

“இந்த ‘பேபி’ யாரு சார்?”

“என் மாமியார்யா!”

“அப்ப நன்னா கொட்டை எழுத்துல எழுதுங்கோ.”

எழுத இரண்டு நாள் ஆயிற்று. பிறகு ராகுகாலம் கழிய ஒன்றரை மணி நேரம். பிறகு கை கழுவி வந்து மூன்று முறை “அழிக்கட்டுமா? அழிக்கட்டுமா? அழிக்கட்டுமா?” என்று கேட்டார். மானேஜருக்கு வியர்த்துவிட்டது. ஊசி உள்ளே போனது. ‘கீச்’ என்றது. அவ்வளவுதான். கீழே ஜவுளிக் கடை முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தன் டைரியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது, “பன்னெண்டுக்கு மேல வாங்கோ” என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி படியிறங்கிப் போகும்போது பம்புக் கம்பெனி, பஞ்சாங்கம் இரண்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் வசந்தா தன் டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வசந்தா எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிறவள். முந்தின வருஷம்தான் கணவனைப் பறிகொடுத்திருந்தாள். மாரடைப்பு, நாற்பது வயதுகூட ஆகவில்லை. டைரி அவருடையது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணத் தேதி, பிறந்த தேதி, ஸ்கூட்டர் நம்பர் என்று அவளும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாள். திறக்கவில்லை. அக்கா பையன் ஜூலையில் கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போகிறான். ‘சும்மாதானே கெடக்கு, அழிச்சு எனக்குக் குடுங்க சித்தி’ என்கிறான்.

“அழிச்சுடுங்க சார். வெறும் மெஷின்தானே” என்றாள். சொல்லும்போது அவள் அந்த மெஷினைப் பார்க்கவில்லை.

பின்னூசி டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “புதன்கிழமை, மணி பன்னெண்டே கால். ராகுகாலம்மா. வச்சுட்டுப் போ.”

மறுநாள் அஷ்டமி என்றார். அதற்கு மறுநாள் நவமி. அடுத்த வாரம் கரிநாள். அமாவாசை வந்தது. “அமாவாசை நல்ல நாள்தானே சார்?” என்றேன். “ஆரம்பிக்கறதுக்கு நல்ல நாள். அழிக்கறதுக்கு இல்லை.” இன்னொரு நாள் மானேஜருக்குச் சந்திராஷ்டமம் என்றார்.

“மானேஜருக்கும் இந்த டைரிக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“கட்டடம் ஒண்ணுதானே ஓய்.”

இப்படியே நாலு வாரம். எனக்கு இயற்கையிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் அந்தப் பெண் தினமும் காலையில் ஸ்டோர்ஸ் வாசலில் வந்து நின்று, “இன்னிக்கு சார்?” என்று கேட்பதும், இவர் தலையாட்டி அனுப்புவதும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நொடி வேலைக்கு ஒரு விதவையை அலைக்கழிக்கிற மனிதன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மறுபடியும் நவமி என்றார். போன வாரமும் நவமி என்றுதானே சொன்னார்? எனக்குச் சந்தேகம் தட்டியது. நேராகச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். சுபமுகூர்த்த தினம் என்று போட்டிருந்தது. தாளைக் கிழித்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“சார், இன்னிக்கு ஊர்ல பாதி பேருக்குக் கல்யாணம். நீங்க நவமிங்கறீங்க!”

“கத்தாதேயும். உட்காரும்.” டம்ளரைக் கீழே வைத்தார். “அவ உள்ள இருக்கறதைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லலை. பார்க்க முடியலையேங்கற ஆத்தாமையில அழிச்சுடுங்கறா. ரெண்டும் ஒண்ணா?”

“அதுக்காக ஒரு மாசமா பொய் சொல்வீங்களா?”

“நான் அழிச்சதை என்னால திருப்பி எழுத முடியாது ஓய். இன்னும் நாலு நாள் போனா ஏதாவது ஒரு நம்பர் அவ ஞாபகத்துக்கு வராதா?”

“வரலைன்னா?”

“வரலைன்னா அந்தப் பையன் ரயில் ஏறற அன்னிக்கு அழிச்சுக் குடுத்துடறேன். அதுவரைக்கும் எனக்கு தினம் நவமிதான்.”

பையன் ரயிலேறுவது அடுத்த திங்கள்கிழமை. கிழித்த காலண்டர் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் டெலிபோன் எண் மாறியது. ஆறு இலக்கமாக இருந்தது ஏழாயிற்று. யார் கூப்பிட்டாலும் பழைய நம்பரையும் புதிய நம்பரையும் வசந்தா ஒப்பிக்க வேண்டும். “பழசு இது சார்... ஆமா சார்... புதுசு எழுதிக்கோங்க” என்று காலையிலிருந்து ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். பதினொன்றரை மணி வாக்கில் பழைய நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். மறுமுனையில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கத்துவது எனக்கே கேட்டது. அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து ஸ்டோர்ஸுக்குள் போனாள்.

“அந்த டைரியக் குடுங்க சார்.”

பின்னூசி பீரோவைத் திறந்து கொடுத்தார். ஆபீசின் பழைய நம்பரின் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். திறந்துகொண்டது.

“தினம் நாலு மணிக்கு அவர் ஆபீஸ்லேர்ந்து என்னைக் கூப்பிட இந்த நம்பரைத்தான் சார் போடுவாரு. காய் என்ன வாங்கணும்னு கேப்பாரு. எடுக்கறது மட்டும்தானே நான்... ஒரு நாள்கூட நான் இதை டயல் பண்ணதே இல்ல சார். எனக்குத் தோணவே இல்ல.”

உள்ளே ஆங்கில எழுத்தில் தமிழாக ஏதேதோ குறிப்புகள். கேஸ் புக் செய்த தேதி. வசந்தா செருப்பு ஆறாம் நம்பர். ஒரு பக்கத்தில், ‘வசந்தா கோபம். காரணம் தெரியவில்லை. பூ, மிக்சர்.’ அதற்கு மறுநாள், ‘காரணம் தெரிந்தது. என் அக்கா. பூ போதாது.’

அதைச் சத்தமாகப் படித்துவிட்டு வசந்தா சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“இன்னாமா நீ, அய்துகினு? அண்ணன் சோக்கா எய்திக்கீறாரு, அத்தப் போயி...” என்ற ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

பின்னூசி அவள் அழுது முடிக்கும்வரை ஸ்டோர்ஸ் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, “உள்ள என்ன இருக்குன்னு பார்த்தாச்சோல்லியோ? இப்ப கேக்கறேன். அழிக்கட்டுமா?” என்றார்.

“சார்!” என்று அலறி டைரியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். போ, போன் அடிக்கறது பார்.”

அக்கா பையனுக்குப் பின்னூசி தன் பங்குக்கு வந்த கம்பெனி டைரியைக் கொடுத்தனுப்பினார். அட்டையில் தண்ணீர் பம்பு படம் போட்ட காகித டைரி. அதை வாங்கிக்கொண்டபோது பையனின் முகம் போன போக்கைப் பற்றி வசந்தா வெகு நாள் சொல்லிச் சிரித்தாள்.

நாலு வாரம் அவரைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. திங்கள்கிழமை மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன வடையில் இரண்டை அவர் மேஜையில் வைத்தேன்.

“என்ன ஓய் விசேஷம்?” என்றார்.

“சும்மாதான் சார்” என்றேன்.

சும்மா இல்லை. அன்றிலிருந்து அவர் லீவு போட்ட நாட்களில் எனக்கு ஆபீஸே பிடிக்காமல் போயிற்று.