கீபோர்டுக்கு இன்னும் என்ன போடலாம்?

வாங்குவதற்கு முன்னால் யோசிப்பவர்கள் ஓர் இனம். அவர்களால் கடைக்காரரைத் தவிர யாருக்கும் தொந்தரவு இல்லை. யோசித்துக்கொண்டே இருந்து கடைசிவரை வாங்காமல் போய்விடுகிறவர்கள் இன்னோர் இனம். அவர்களால் கடைக்காரருக்குக்கூடத் தொந்தரவு இல்லை, அவர் பழகிவிட்டார். இங்கே நாம் பார்க்கப்போவது மூன்றாவது இனம். பொருளைச் சட்டென்று வாங்கிவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை ஓரமாகச் சாய்த்து, பொருளை நடுக்கூடத்தில் நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்குவார். என்ன யோசனை? இதோடு இன்னும் எதைச் சேர்த்தால் இது முழுமையாகும் என்ற யோசனை. சேர்மானக்காரர் என்று இவருக்குப் பெயர் வைப்போம்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டி முடித்து, சமையலறை அலமாரிக்கு என்ன நிறம் என்பது முடிவாகாததால் இன்னும் வாடகை வீட்டிலேயே குடியிருக்கிறாரே, அவர். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் காலைக் காற்றில் மிதிக்கவேண்டும் என்று சைக்கிள் வாங்கி, தலைக்கவசம், கையுறை, பின்விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் சைக்கிளை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்கி, அதில் ஏற்றி நிறுத்திவிட்டு, சீட்டை மட்டும் மாற்றிவிட்டால் கிளம்பிவிடலாம் என்கிறாரே, அவரும்தான். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இப்படி உழைக்கிறவர்களை வேறெங்கே பார்க்கமுடியும்?

செங்கல்பட்டு கலைவாணனை எடுத்துக்கொள்ளுங்கள். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. வரிசையில் வருகிற பாகத்தை ஒரு பார்வை பார்ப்பார். தேறும், தேறாது என்று அந்தக் கணமே முடிவு சொல்லிவிடுவார். அவர் சொன்னால் மேனேஜர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். அதே மனிதர் மாலையில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும், அந்தப் பார்வையையும் கழற்றி வாசலிலேயே விட்டுவிடுவார்.

இவர் கீபோர்டு வாங்கிய கதைக்குக் காரணம் இவருடைய மனைவி ஜாய்ஸ். ஜாய்ஸின் தம்பி ஜோஷ்வாவுக்கும் ஜெனிட்டாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற பாதையில் இருக்கிறது ஜாய்ஸின் தாய்வீடு. அங்கே உட்கார்ந்து எல்லோரும் காரியங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல், சாப்பாடு, வண்டி எல்லாம் வழக்கம்போல ஜாய்ஸின் அக்கா புருஷன் பொறுப்பு. அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் பெயர் அவருக்குத்தான். மணப்பெண் ஆலயத்துக்குள் நடந்து வரும்போது பவனிப் பாட்டுக்கு யார் கீபோர்டு வாசிப்பது என்று பேச்சு வந்தபோது ஜாய்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வாசிப்பாரு. வெளியாளு இன்னாத்துக்கு?"

தாய்வீட்டில் ஒரு பெண் புருஷனைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது வாக்கியம் இல்லை, பிராமிசரி நோட்டு. ஜாய்ஸுக்கு அது தெரியும். அக்கா பக்கம் பந்தலும் பிரியாணியும் இருக்கட்டும். ஒரே ஒரு பாட்டாவது நம் பக்கம் இருக்கட்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா இது?

கலைவாணனுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். மறுவாரமே சென்னைக்குப் போய்க் கடையில் நின்றபடி அந்தப் பவனிப் பாட்டை வாசித்துக் காட்டி, வேறு வாத்தியம் பார்க்க வந்தவர்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவைத்து, டீ வருவதற்குள் கீபோர்டை வாங்கிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கடைக்காரர் பெட்டியை ஒட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "உள்ள இன்னும் இடம் கீது சார். வேணுங்கிற டோன் எல்லாம் ஏத்திக்கலாம்."

அவ்வளவுதான். முடிந்தது கதை.

விஷயம் என்னவென்றால், கீபோர்டில் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் சத்தங்கள் போக, நாமாகக் கூடுதல் சத்தங்களை வாங்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். கட்டுக்கட்டாகக் கிடைக்கும், பேக் என்பார்கள். ஆனால் இடம் அளவோடுதான். இது வந்தால் அது போகவேண்டும். அதிலும் கலைவாணன் வாங்கிய கீபோர்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவேண்டுமானால் பழையவற்றையும் கூட்டிக் கட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றவேண்டும். ஏற்றி முடிகிறவரை எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஊமைதான். பஸ்ஸில் ஒருவர் ஏறுவதற்காக எல்லோரும் இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி.

நாதஸ்வரம் போடலாமா? கோயில் கல்யாணம் இல்லையே, ஆலயத்துக் கல்யாணம் ஆயிற்றே. ஆனால் தமிழ்க் கல்யாணமும் ஆயிற்றே. வயலின் என்றால் ஒற்றை வயலினா, கூட்டமாக வாசிக்கும் வயலினா? ஒற்றை என்றால் ஏழ்மையாகத் தெரியும். கூட்டம் என்றால் இடத்தை அடைக்கும். வெளிநாட்டுத் தேவாலயத்து ஆர்கன் ஒன்று இருக்கிறது, கேட்டால் மயிர்க்கூச்செறியும். அதைப் போட்டால் தபேலாவை எடுக்கவேண்டும். தபேலாவை எடுத்தால் மனசு கேட்குமா? கேட்காது. கலைவாணன் கம்பெனி கேன்டீனில் கேட்டார், முடிவெட்டும் கடையில் கேட்டார், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட நிற்கவைத்து ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, நல்லா கீது சார், கையெழுத்துப் போடுங்க என்றார். கலைவாணன் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தார். யாரோ எந்த நாட்டிலோ இதே கீபோர்டை வைத்துக்கொண்டு பேசுகிற வீடியோக்களை ரயிலில் பார்த்துக்கொண்டே போய், மறைமலை நகரில் இறங்கவேண்டியவர் பொத்தேரியில் தலையைத் தூக்கினார். அதுவும் நல்லதாகப் போயிற்று. அங்கே பிளாட்பாரத்தில் கிட்டார் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மாணவனிடம் இன்னோர் அபிப்பிராயம் கிடைத்தது.

வாசித்தாரா? இதென்ன கேள்வி. டோன் முடிவாகாமல் எப்படி வாசிப்பார்?

ஜாய்ஸ் பொறுத்துப் பார்த்தாள். பாட்டை ஒரு தடவை வாசிங்க, நான் கூடப் பாடிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரே பதில்: "இரு, செட்டாவட்டும். பண்றத ஒழுங்கா பண்ணணும்." சேர்மானக்காரர்களின் தேசிய கீதம் இது. எந்த ஊர்ச் சேர்மானக்காரரையும் இந்த ஒரு வரியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தாய்வீட்டுக்காரர்களாவது அதட்டிக் கேட்டிருக்கக்கூடாதா என்பீர்கள். எப்படிக் கேட்பார்கள்? அவர் மாப்பிள்ளை. மாமனார் தாவீது, ஊர்ப் பஞ்சாயத்தில் யாரையும் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவர். மாப்பிள்ளையிடம் மட்டும், எல்லாம் ரெடியா என்று கேட்பதற்குப் பதிலாக, வெயில் ஜாஸ்தியா கீது இல்ல மாப்ள என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்தார். மாமியார் பாப்பா கறியை இன்னும் ஒரு கரண்டி வைத்தார். மாப்பிள்ளை கறியைப் பார்த்துக்கொண்டே தபேலாவை நினைத்தார்.

ஜோஷ்வாவால்தான் சும்மா இருக்கமுடியவில்லை. கல்யாணம் அவனுடையது அல்லவா? அவன் ரகசியமாக சூர்யாவைப் பிடித்தான். திருவிடந்தைப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளை சூர்யா. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் ஈசிஆர் ரிசார்ட்டுக் கல்யாணங்களில் கீபோர்டு வாசிக்கப் போகிறான். அந்த ஊர்ப் பெருமாளை வேண்டிக்கொண்டால் கல்யாணம் கூடிவரும் என்பார்கள். கூடிவந்தபின் வாத்தியம் சூர்யா பொறுப்பு. சாயங்காலம் ஈசிஆர் மண்டபத்து வரவேற்புக்கு அவன்தான். காலையில் ஆலயத்துக்கும் வந்துவிடு, கலைவாணன் மாமாவுக்கு உதவி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஜோஷ்வா ஏற்பாடு செய்தான். முன்னோட்டமாகக் கலைவாணன் வீட்டுக்கும் அனுப்பினான்.

சூர்யா வந்து, எல்லாச் சத்தங்களையும் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த இவ்ளோ பேஜாரு? மொத பட்டன்ல பியானோ கீது. அத்த வெச்சு வாசி."

கலைவாணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கலை தெரிவதில்லை என்று அன்று மாலை ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மூன்றாம் இனத்தார் பலர் கைதட்டினார்கள்.

கல்யாண நாள் வந்தது. நம்பமுடியாத ஒன்று நடந்திருந்தது: கலைவாணன் முடிவெடுத்துவிட்டார். ஒற்றை வயலின், சின்ன ஆர்கன், தபேலா. எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஜாய்ஸ் புதுப் பட்டுச்சேலையில், அக்காவுக்குப் பக்கத்திலேயே, முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கலைவாணன் கீபோர்டைப் பொருத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஆலயத்தின் கூரை உயரமாக இருந்தது. இவ்வளவு உயரத்துக்குச் சின்ன ஆர்கன் போதுமா? அந்த வெளிநாட்டுப் பெரிய ஆர்கன் சட்டைப்பையில் பென் டிரைவில் இருந்தது. எந்தக் கல்யாணத்தில் மணப்பெண் நேரத்துக்கு வந்திருக்கிறாள்? பார்லரிலிருந்து கிளம்பவே நேரமாகும், அதற்குள் ஏற்றிவிடலாம். நியாயமான கணக்கு. நீங்களும் நானும்கூட அப்படித்தான் போட்டிருப்போம்.

அவர் ஏற்ற ஆரம்பித்தார். ஜெனிட்டா சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்.

வாசலில் மணப்பெண் நிற்கிறாள். போதகர் கலைவாணனைப் பார்த்துத் தலையசைக்கிறார். கலைவாணனும் மரியாதையாகத் தலையசைக்கிறார். திரையில் பச்சைக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்கிறது. நடுவில் அணைக்காதீர்கள் என்று எச்சரிக்கை வேறு. சபையார் திரும்பி வாசலைப் பார்க்கிறார்கள், திரும்பி கீபோர்டைப் பார்க்கிறார்கள். ஜோஷ்வா சூர்யாவுக்குக் கண்ணைக் காட்டுகிறான். வெளியே வேனிலிருக்கும் தன் கீபோர்டை எடுத்துவர சூர்யா எழுந்திருக்கிறான். பக்கத்திலிருந்த தாவீது அவன் கையைப் பிடித்து உட்காரவைக்கிறார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் வேறொருவன் வாசிப்பதா? மகன் கல்யாணம் நின்றாலும் நிற்கலாம், மாப்பிள்ளை மனம் நோகலாமா? இப்படியாக ஓர் ஆலயமே மரியாதையில் மாட்டிக்கொண்டு விழித்தது. அக்கா ஜாய்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ஜாய்ஸைச் சுட்டது.

ஜாய்ஸ் எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். பவனிப் பாட்டின் முதல் வரியைத் தானே எடுத்தாள். முதல் வரியில் தனிக்குரல்தான். இரண்டாம் வரியில் தாவீது சேர்ந்துகொண்டார், அவர் சுருதி அவருக்கு. மூன்றாம் வரியில் சபை முழுவதும் எழுந்து பாடியது. குழந்தைகள் கைதட்டின, பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஜெனிட்டா வாசலிலிருந்து பீடம்வரை அழுதுகொண்டே நடந்து வந்தாள். கடைசி அடி முடிந்து ஆமென் சொன்ன பிறகு, அந்த அமைதியில், கீபோர்டு தயார் என்பதற்கு அடையாளமாக டிங் என்று ஒரு சத்தம் கொடுத்தது.

பந்தியில்தான் வேடிக்கை. மாப்பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைத் தாவீதால் பொறுக்கமுடியவில்லை. எதிர்ப் பந்திக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாத்தியமே வோணாம், சனங்க பாடட்டும்னு மாப்ளதான் ஏற்பாடு பண்ணாரு. நம்ம பக்கத்துல இப்டி யாரு செஞ்சிருக்காங்க?" பாப்பா ஆமாம் போட்டார். போதகரும் வந்து கலைவாணன் கையைக் குலுக்கினார். முதல் தடவை கேட்டபோது கலைவாணனுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை பிரியாணி வந்தபோது, ஒருவேளை அப்படித்தான் ஏற்பாடு செய்தோமோ என்று தோன்றியது. மூன்றாவது தடவை தயிர்ப்பச்சடி வந்தபோது சந்தேகமே இல்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூர்யா பக்கம் சாய்ந்தார்.

"ஏம்பா சூர்யா, காலைல சனங்க பாடுனாங்களே, அந்த சத்தம் பேக்குல கிடைக்குமா?"

சூர்யா எலும்பைக் கீழே வைத்தான். "கீது அண்ணாத்த. பொம்பளைங்க மட்டும் பாடறது ஒண்ணு கீது. எல்லாரும் சேந்து பாடறது ஒண்ணு கீது. எது வோணும்?"

கலைவாணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கண்ணில் ஒளி வந்துவிட்டது.

இதற்குள் மணமக்கள் பந்தியை விசாரிக்க வந்தார்கள். மாமாவின் முகமலர்ச்சியைப் பார்த்து ஜோஷ்வாவுக்கும் மனம் இளகி, நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் ஞானஸ்நானத்துக்கும் மாமாதான் வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டான். ஜெனிட்டா வெட்கப்பட்டாள். எல்லோரும் ஜாய்ஸைப் பார்த்தார்கள். அவள் கலைவாணன் இலையில் ஒரு துண்டு கறி வைத்தாள்.

"வாசிப்பாரு," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் அவசரப்படாதீங்க. இவருக்கு டைம் வோணும்."

கலைவாணன் போகட்டும், விடுங்கள். நீங்கள் சொல்லுங்கள்: பெண்கள் மட்டும் பாடுவதா, எல்லோரும் சேர்ந்து பாடுவதா, அந்தக் கீபோர்டுக்கு எது பொருத்தம்? பெண்கள் குரல்தான் இனிமை, ஆனால் ஆண்கள் இல்லாவிட்டால் அடியில் கனம் இருக்காது என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதல்லவா? பயப்படாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.