ஹெட்போன் ரைட்டரும் மெதுவாகிப்போன இரட்டையரும்

பூலோகத்தில் எத்தனையோ பத்திர எழுத்தர்கள் இருக்கலாம். வெளிநாட்டு டான்ஸ் மியூசிக்குக்குக் காலாட்டிக்கொண்டே கிரையப் பத்திரம் டைப் அடிக்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் என் பக்கத்துக் கடைக்காரர். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, புகாராகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வருஷமாக எனக்கே அது விளங்கவில்லை.

திருவண்ணாமலையில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. லைசென்ஸில் பார்த்திருக்கிறேன். தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘ஹெட்போன் ரைட்டர்’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராக அவர் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்த ஹெட்போன் வந்த கதை எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. அவர் வீட்டு மாடி போர்ஷனில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். எல்லாவற்றையும் துறந்துவிட்டுத் தியானம் செய்ய வந்தவர். செருப்பைத் துறந்தார், ஷேவிங்கைத் துறந்தார். ஹெட்போனைத் துறக்கிற முறை வந்தபோது ரைட்டர் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூடவே ஒரு பென் டிரைவும் வந்தது. அது முழுக்க ஒரே கோஷ்டியின் பாட்டு.

கோஷ்டி என்றால் இரண்டே பேர். ஏதோ பனி கொட்டுகிற தேசத்து ஆட்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. தபேலா கிடையாது, வயலின் கிடையாது, எல்லாச் சத்தமும் கம்ப்யூட்டரிலிருந்துதான். ரைட்டர் அவர்களைப் பெரியவரு, சின்னவரு என்றுதான் சொல்வார், ஏதோ செங்கத்தில் இருக்கிற பங்காளிகள் மாதிரி.

“பெரியவரு அடியைப் போடுவாரு தங்கச்சி. சின்னவரு அதை அப்படியே இழுத்துக்கினு போவாரு. நம்ம விரல் தானா ஓடும்.”

ஓடத்தான் செய்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மற்ற ரைட்டர்கள் ஒரு பத்திரம் முடிப்பதற்குள் இவர் மூன்று முடித்துவிடுவார். கிரையத்துக்கு ஒரு பாட்டு, அடமானத்துக்கு ஒரு பாட்டு. அப்பா மகளுக்கு வீடு எழுதிவைக்கிற செட்டில்மெண்ட் என்றால் கொஞ்சம் குழைவாக ஒன்று. பாகப்பிரிவினை என்றால் இருப்பதிலேயே மூர்க்கமான பாட்டைப் போடுவார். அன்றைக்கு என் கடையில் லேமினேஷன் கவர்கள் எல்லாம் அதிரும். அவர் குதிகாலால் போடுகிற தாளம் அப்படி.

ஒரு தடவை கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரிக்க வந்தார்கள். கிணறு யாருக்கு என்பதுதான் தகராறு. அண்ணன் குனிந்து, “நியாயமா பாத்தா எனக்குத்தானே சார் வரணும்?” என்று கேட்டார். ரைட்டர் பலமாகத் தலையாட்டினார். தம்பி இந்தப் பக்கம் வந்து, “வெட்டினது நானு சார். எனக்குத்தானே?” என்றார். அதற்கும் தலையாட்டல். இரண்டு பேரும் வெற்றி முகத்தோடு வீட்டுக்குப் போய், ரைட்டரே நம்ம பக்கம் என்று ஆளுக்கொரு மூட்டை வேர்க்கடலை அனுப்பிவைத்தார்கள். ஹெட்போனைக் கழற்றியபோது இவருக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாத்துக்கும்மா கடலை?” என்று என்னைக் கேட்டார். கடைசியில் கிணற்றைப் பொதுவில் வைத்து எழுதினார். கடலையை நாங்கள் இரண்டு மாதம் தின்றோம்.

இன்னொரு தடவை நடந்தது ஆபீசிலேயே பெரிய சிரிப்பாகிவிட்டது. மனைக்கு நாலு பக்கமும் யார் யார் இருக்கிறார்கள் என்று பத்திரத்தில் எழுத வேண்டும். செக்குபந்தி என்பார்கள். சப் ரிஜிஸ்ட்ரார் அம்மா ஒரு பத்திரத்தை வாங்கி வாசிக்கிறார். முனியம்மாள் மனைக்குத் தெற்கு, பஞ்சாயத்து ரோட்டுக்கு வடக்கு. அடுத்த வரி, முனியம்மாள் மனைக்குத் தெற்கு, பஞ்சாயத்து ரோட்டுக்கு வடக்கு. மறுபடியும் முனியம்மாள். மறுபடியும் ரோடு.

“ஏங்க, இந்த முனியம்மாவுக்கு மொத்தம் எத்தனை மனைங்க?” என்று கேட்டாராம்.

ரைட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். “பாட்டுல அந்த எடம் நாலு வாட்டி வருது தங்கச்சி. மனசுக்குத் தெரியுது, கை கேக்கல” என்றார். அன்றிலிருந்து செக்குபந்தி வந்தால் மட்டும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவது என்று ஏற்பாடு.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியவரும் சின்னவரும் புது ஆல்பம் போட்டார்கள்.

ஏழு வருஷம் கழித்து வருகிற ஆல்பம். ரைட்டர் ஒரு மாதமாகத் தெருவில் யாரையும் நிம்மதியாக விடவில்லை. டீக்கடைக்காரர், ஸ்டாம்ப் வெண்டர், ஆபீஸ் வாட்ச்மேன் என்று எல்லோருக்கும் தேதி சொல்லியாயிற்று. வெளியான காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தெருவுக்கே கேசரி கொடுத்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கால் ஆடவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. அப்போதும் ஆடவில்லை.

“ரொம்ப மெதுவா இருக்குது” என்றார் கடைசியில். “அலை சத்தம் வருது. மணி அடிக்குது. யாரோ மூச்சு உடறாங்க. தங்கச்சி, இவங்க ரெண்டு பேரும் தியானத்துல எறங்கிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் தியானத்துக்கு இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து அந்தப் பக்கமே போகாத மனிதருக்கு, அது காதுக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது.

சிரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பாட்டு மெதுவானதும் அவர் விரலும் மெதுவாகிவிட்டது. ஒரு வரி அடிப்பார், ஒரு பெருமூச்சு விடுவார். காலையில் ஆரம்பித்த பத்திரம் சாயங்காலமும் முதல் பக்கத்திலேயே நிற்கும். பழைய பாட்டைப் போட்டுத் தொலையுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“ஏழு வருஷம் பாடுபட்டு ஒண்ணு பண்ணியிருக்காங்க. அதைத் தள்ளி வெச்சிட்டுப் பழசைக் கேட்டா அது மரியாதையா?” என்றார். கொள்கைக்காரர்.

அந்த வாரம்தான் கஸ்தூரியின் பத்திரம் வந்தது. கஸ்தூரி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவள். பதினோரு வருஷமாக வாடகை இடம். எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பயந்துகொண்டே பால் காய்ச்சியவள். இடத்துக்காரர் ஓசூரில் ஃபேக்டரி வேலையில் இருக்கிறார். ஒரு வழியாக விற்கச் சம்மதித்து, ஒரே ஒரு நாள் லீவில் வந்திருந்தார். அவர் மனைவிக்கு விற்க இஷ்டமில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத் திரும்பிப் போய்விட்டால் மனிதர் மறுபடி வரமாட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பதிவுக்கு டோக்கன் பன்னிரண்டு மணிக்கு. முந்தின நாளே தயாராகியிருக்க வேண்டிய பத்திரம். பதினொன்றுக்கு நான் எட்டிப் பார்த்தபோது இடத்துக்காரரின் அப்பா பெயர் வரைக்கும் வந்திருந்தது. கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். ரைட்டரிடம் ஒன்றும் கேட்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து நோட்டீஸை நூறு காப்பிக்கு மிஷினில் போட்டுவிட்டு நேராக உள்ளே போய் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். “உங்க பெரியவரும் சின்னவருமா வந்து இவளுக்கு எடம் வாங்கித் தரப் போறாங்க?” என்று கத்தினேன்.

ஒயர் கழன்றதும் பாட்டு வெளியே கேட்க ஆரம்பித்தது. அலை, மணி, மூச்சு. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வயசான மிஷின். பேப்பரை இழுக்கும்போது டக் டக் என்று இரண்டு உதை, தள்ளும்போது சர்ரென்று ஒரு இழுப்பு. டக் டக் சர், டக் டக் சர்.

ரைட்டர் மெல்லத் தலையைத் தூக்கினார். வலது கால் லேசாக அசைந்தது. அப்புறம் விரல்கள் இறங்கின பாருங்கள், கீபோர்டு மழையில் நனைகிற தகரக்கூரை மாதிரி சடசடத்தது. கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாம் பக்கத்தின் பாதியில் நூறு காப்பி முடிந்து மிஷின் நின்றது. விரலும் நின்றது.

“தங்கச்சி, மிஷினை நிறுத்தாத.”

“காப்பி எடுக்க ஒண்ணும் இல்லியே ரைட்டரே.”

“வெறும் பேப்பரை ஓட்டு.”

ஓட்டினேன். இருபது வருஷத் தொழிலில் ஒன்றுமே இல்லாததை ஜெராக்ஸ் எடுத்தது அன்றைக்குத்தான். கஸ்தூரி பேப்பரை அடுக்கிக் கொடுக்க, நான் திணிக்க, ஓசூர்க்காரர் போனில், “இரு, இங்க ஒரே சத்தமா இருக்குது, அப்புறம் பேசறேன்” என்று சொல்லிக் கட் பண்ணினார். அது ஒன்றே அன்றைக்குப் பெரிய உபகாரம். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பத்திரம் பிரிண்டரில் வந்து விழுந்தது. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

பதிவு முடிந்து கஸ்தூரி ரோட்டைத் தாண்டி எங்களிடம் ஓடி வந்தாள். “இனிமே யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாது இல்லீங்க சார்?” என்று கேட்டாள்.

“முடியாதும்மா. எழுதியாச்சு” என்றார் ரைட்டர். அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

மறுநாள் போனோடு வந்து அரை நாள் என் மிஷின் முன்னால் குந்திக்கொண்டார். சத்தத்தைப் பதிவு பண்ணி, புது ஆல்பத்துப் பாட்டுகளுக்கு அடியில் வைத்து, ராத்திரி பகலாகக் கோத்து நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மிக்ஸ் தயார் செய்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். அந்த இரட்டையரின் ரசிகர்கள் எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்து கேட்டார்கள். இது என்ன டிரம் என்று ஒரு அம்மாள் விசாரித்திருந்தார். இவர், ‘ஜெராக்ஸ், திருவண்ணாமலை’ என்று பதில் போட்டார். அது ஏதோ கோயில் வாத்தியம் என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, விலைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். பெரியவரும் சின்னவரும் அதைக் கேட்டார்களா, தெரியாது. ரைட்டர் அந்த மிக்ஸைப் போட்டுக்கொண்டு மறுபடி மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் மூன்று பத்திரம் முடிக்கிறார். நான்தான் அந்தச் சத்தத்தைக் கடையிலும் கேட்டு, அவர் ஹெட்போன் வழியாகக் கசிவதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் மிஷின் விற்கிறவர் வந்தார். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளலாம் என்றார். “முக்கியமா சத்தமே வராது மேடம். ஓடுதா இல்லியான்னே தெரியாது.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ஹெட்போன் மாட்டியிருக்கிற மனிதருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ. எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் இரட்டையர் இன்னொரு ஆல்பம் போடுகிறார்கள், அது இதைவிட மெதுவாக இருக்குமாம் என்று இரண்டு நாள் முன்னால்தான் கவலையோடு சொல்லியிருந்தார்.

“வேணாங்க. இதுவே இருக்கட்டும்” என்றேன்.

“இந்தச் சத்தத்துல எப்படி மேடம் உக்காந்திருக்கீங்க?”

“பழகிடுச்சுங்க. பக்கத்துல ஒருத்தரு வேலை செய்யறாரு.”