ஆளில்லாத மூலைக்கு ஒரு பாஸ்

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, புட்பால். இன்னொன்று, எனக்குப் புட்பால் தெரியாது என்பது.

மதராஸில் காலேஜ் படிப்பை முடித்துக் கப்பலேறி வந்து, சிங்கப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஆபீஸ் புட்பால் கிளப்புக்குச் செயலாளர் ஆகிவிட்டேன். திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி என்றுதான் வீட்டுக்கு எழுதினேன். (கிளப்பிலேயே டைப் அடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அத எழுதல.) பதவியோடு டீமில் வலது ஓரத்தில் ஓர் இடமும் கிடைத்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். நான் மட்டும் பூட்ஸ். பந்து என் பக்கம் வருவதே இல்லை என்பதால் அது கடையில் வாங்கிய பளபளப்போடு அப்படியே இருந்தது.

இடது ஓரத்தில் ஆடியவன் மாசிலாமணி. பத்தொன்பது வயது, ஒல்லிப்பிச்சான். தேக்கா மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பம்பளிமாசைக் காலால் தட்டிக்கொண்டே, தரையில் விடாமல், ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனானாம். குதிரை வண்டியில் வந்த எங்கள் துரை அதைப் பார்த்துவிட்டு, மறுநாளே பியூன் வேலை கொடுத்து, ஆபீஸுக்குப் பின்னால் அவனும் அவன் அம்மாவும் இருக்க ஓர் அறையும் கொடுத்துவிட்டார். கிளப்பில் இருக்கிற வரைக்கும் வேலை. வேலை இருக்கிற வரைக்கும் அறை.

அப்பேர்ப்பட்டவன் இரண்டு மாதமாக ஆட்டத்தில் ஒன்றுமே செய்யவில்லை. பயிற்சியில் பிரமாதம். ஆட்டத்தின் முதல் பாதியிலும் பரவாயில்லை. இரண்டாம் பாதியில்தான் அவனுக்கு என்னமோ ஆகும்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் சிராங்கூன் ரோடு. எதிர்ப்பக்கம் மூங்கில் புதர், அதற்குப் பின்னால் கைவிட்ட செங்கல் சூளை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்போது எங்கள் இடது ஓரம் அந்த மூங்கில் மூலையில் போய் முடியும். மைதானம் பூராவும் மேய்கிற எருமைகள் அந்த மூலையை மட்டும் சுற்றிக்கொண்டு போகும். காற்றடித்தால் மூன்று மூலைக் கொடிகள் படபடக்கும். நாலாவது தொங்கிக்கொண்டிருக்கும். கோட்டோரம் கொடி பிடித்து நிற்கிற மலாய்க்காரர் பாக் மாட், பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற ஆள், எதற்கும் அஞ்சாதவர். அவரே அந்த மூலைக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுகொண்டு அங்கிருந்தே கொடி காட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு இங்கேருந்தே நல்லாத் தெரியுது லா" என்றார். நான் அதை மூடநம்பிக்கை என்று வகைப்படுத்தி, கிளப் நோட்டில் அப்படியே டைப் அடித்து ஒட்டி வைத்தேன்.

மாசிலாமணி பந்தோடு அந்த மூலையை நெருங்குவான். திடீரென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான், யாரோ கூப்பிட்ட மாதிரி. பிறகு, கைக்குழந்தையை இன்னொருவர் கையில் கொடுக்கிற பக்குவத்தோடு, பந்தை உள்ளங்காலால் மூலைப் பக்கம் தள்ளுவான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். தள்ளிவிட்டு, முன்னால் இரண்டடி ஓடுவான். அதற்குள் மைதானமே திட்ட ஆரம்பித்திருக்கும். அப்படியே நின்றுவிடுவான். பந்து உருண்டு மூங்கிலுக்குள் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் துறைமுகக் கிளப்பின் செயலாளர் மரைக்காயர் மாசிலாமணியைக் கேட்டு எங்களிடம் வந்தார். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். இரண்டு செயலாளர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர்களிடம் முனியாண்டி என்று ஆறடி கோல்கீப்பர். எங்களிடமோ கோல்கீப்பர் என்ற பெயரில் ஒரு குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

சரபத் கடை பெஞ்சில் கமிட்டி கூடியது. எங்கள் தலைவர் ஹெட் கிளார்க் வேலுப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார். காகிதத்தில் எழுதாத எதையும் நம்ப மாட்டார்.

"பையன் எங்ககிட்ட வந்தா கரி மூட்டை தூக்கற வேலை இருக்கு" என்றார் மரைக்காயர். "முதுகு கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்."

எல்லோரும் ஓரமாக நின்றிருந்த மாசிலாமணியின் முதுகைப் பார்த்தோம். கரி மூட்டை அவனைவிட அகலம்.

"ஏன் காணும் அப்பிடிச் செய்யிறீர்?" என்று வேலுப்பிள்ளை அவனிடமே கேட்டார்.

"கேக்குறாரு சார்."

"ஆர்?"

"அங்க நிக்கிறவரு. 'இங்க குடு, இங்க குடு'ன்னு கேக்குறாரு. குடுத்தா திருப்பித் தருவாரு சார். நான் ஓடினாத்தானே தருவாரு? இவங்க கத்துறதுல நான் நின்னுடறேன்."

சரபத் கலக்குகிறவர் கையை நிறுத்தினார். நான் மட்டும் சிரித்தேன். (காலேஜ் சிரிப்பு. மூக்கு வழியா வரும்.)

கமிட்டியில் பாதிப் பேர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், பாதிப் பேர் மாற்றிவிடலாம் என்றார்கள். நான்தான் எழுந்து, விஞ்ஞான முறைப்படி ஒரு சோதனை வைப்போம் என்றேன். வரும் சனிக்கிழமை துறைமுகக் கிளப்போடு ஆட்டம் இருந்தது. அன்றிரவு உட்கார்ந்து கடகடவென்று அடித்தேன்: 'சனிக்கிழமை ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் இக்கிளப்பின் இடது ஓரத்தில் ஆடுபவர், ஆள் இல்லாத இடத்துக்குப் பந்தைக் கொடுப்பாரேயானால், அவர் அன்று மாலையே துறைமுகக் கிளப்புக்கு மாற்றப்படுவார். ஈடாக முனியாண்டி இங்கே வருவார்.'

வேலுப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். "பேர் போடேல்லையே?"

"சட்ட பாஷை சார். ஸ்தானத்தைத்தான் சொல்லணும், ஆளைச் சொல்லக் கூடாது."

"ஓகோ" என்றார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தரம் படித்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் மாசிலாமணி என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் அந்தப் பக்கம் போகலண்ணே. போனா குடுத்துடுவேன். அவரு கேட்டா என்னால குடுக்காம இருக்க முடியல. குடுத்துட்டா எங்கம்மாவ எங்கண்ணே கூட்டிக்கிட்டுப் போவேன்?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "டேய், என் இடத்துக்கு நீ போ. உன் இடத்துல நான் நிக்கிறேன். அங்க ஒருத்தனும் இல்லன்னு நிரூபிச்சுக் காட்டுறேன், அப்புறம் உனக்கு எந்தச் சாக்கும் கிடையாது" என்றேன். தலைவரிடம் அனுமதியும் கேட்டேன்.

"ஆக்கள் மாறலாம் தம்பி" என்றார் வேலுப்பிள்ளை. "கடிதம் மாறாது."

இரண்டாம் பாதி ஆரம்பித்தபோது வானம் துலக்காத பித்தளைக் குண்டான் நிறத்துக்கு வந்திருந்தது. மழை வரவில்லை, காற்றும் இல்லை. அந்த வருஷத்திலேயே முதல் முறையாகப் பந்து நேராக என் காலுக்கு வந்தது. ஓடினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஒருவரைத் தாண்டிவிட்டேன். (அவரு வழுக்கி விழுந்துட்டாரு.) மூலை நெருங்கியது.

முதலில் சத்தம் போனது. ரோட்டோரம் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திய மாதிரி அது நின்றது. என் பூட்ஸ் புல்லில் பதிகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்தது வாசனை. நனைந்த செங்கல்லைச் சுடுகிற புகை வாசனை. அந்தச் சூளை அணைந்து பல வருஷம் ஆகிறது.

கத்தியிருந்தால் பயந்து ஓடியிருப்பேன். குரல் சாதாரணமாக இருந்தது. வேலை முடிந்து களைத்துப்போன ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"இங்க குடுங்க தம்பி. ரொம்ப நேரமா நிக்கிறேன்."

கொடுக்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் பெரியவர் ஒருவர் கேட்டால் கையிலிருப்பதைக் கொடுத்துப் பழகிய உடம்பு, மூளையைக் கேட்கவில்லை. கால் தானாகப் பந்தைத் தள்ளியது. தள்ளியதோடு போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நான் வாயையும் திறந்துவிட்டேன்.

"இந்தாங்கண்ணே."

அமைதியான மைதானத்தில் அது ரோடு வரைக்கும் கேட்டதாம்.

பந்து ஏழெட்டு அடி உருண்டது. நின்றது. சேறில்லை, பள்ளமில்லை. காலடியில் அடக்கின பந்து எப்படி நிற்குமோ அப்படி நின்றது. பிறகு அது கிளம்பியது. தரையோடு தரையாக, என்னைத் தாண்டி, கோலுக்குக் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி போனது.

டீமில் ஒன்பது பேர் சிலையாக நின்றார்கள். ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தபோதே வலது ஓரத்திலிருந்து கிளம்பிவிட்டிருந்தான் மாசிலாமணி. அது வரும் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இந்தத் தடவை அவனைத் திட்டி நிறுத்த யாருக்கும் வாய் வரவில்லை. வந்தான், அடித்தான், கோல்.

முனியாண்டி கையையே தூக்கவில்லை. பந்தை அவர் பார்க்கவும் இல்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "நீங்க யாருக்குக் குடுத்தீங்களோ அவரத்தான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. பந்து எங்கேயும் மைதானக் கோட்டுக்கு வெளியே போகவில்லை என்பதால் நடுவர் கோலுக்கு விசில் ஊதினார், அதுவும் பாதி விசில்தான். மிச்ச ஆட்டத்தை இரண்டு டீமும் ரோட்டுப் பக்கமாகவே ஒட்டிக்கொண்டு ஆடி முடித்தன. ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்துவிட்டோம்.

வேலுப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"இரண்டாம் பாதியில இடது ஓரத்தில நிண்டது ஆர்?"

"நான்தான் சார். ஆனா..."

"ஆளில்லாத இடத்துக்குப் பந்து குடுத்தது ஆர்?"

"சார், அங்க ஆள் இருந்தாரு சார்!" என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மாசிலாமணி என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"ஆள் இருந்தவரோ?" வேலுப்பிள்ளை ரொம்ப சாந்தமாகக் கேட்டார். "அப்ப இந்தப் பெடியன் ரெண்டு மாசமாச் சொன்னது உண்மை. அவனை மாத்த ஏலாது. ஆள் இல்லையோ, உம்மட கடிதப்படி நீர் போகவேணும். எதை எழுதுவம்? ஆள் இருந்ததெண்டால் அவர்ட பேரைச் சொல்லும், கிளப் நோட்டில பதிவம்."

நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். கொடி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. பேர் தெரியாது.

"ஆள் இல்ல சார்" என்றேன்.

"நல்லது" என்று கடிதத்தை மரைக்காயரிடம் நீட்டினார்.

மரைக்காயர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை பூட்ஸில் வந்து நின்றது. "அட அல்லாவே, கோல்கீப்பரக் குடுத்துட்டு இதையா வாங்கிக்கிட்டுப் போறது? என் கையெழுத்து வேற போட்டிருக்கே!"

மாசிலாமணியின் வேலை போகவில்லை, அறையும் போகவில்லை. அந்த வருஷம் அவன் வலது ஓரத்திலேயே நின்று கோலாக அடித்துத் தள்ளினான். நான் ஆபீஸில் கிளார்க், சனிக்கிழமை மட்டும் துறைமுகக் கிளப்பின் ஆள். கரி மூட்டை எனக்கும் ஒன்று தூக்கிக் காட்டினார்கள், தமாஷுக்கு. இரண்டு நாள் நிமிர முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கடிதத்தில் நான் என்ன டைப் அடித்தேன் என்று என் முதுகுக்குப் புரிந்தது. மாசிலாமணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டான்.

"உங்களத் தம்பின்னா கூப்பிட்டாரு?"

"ஆமா."

"என்னயும்தான்" என்றான். பிறகு, "பாவம்ண்ணே அவரு" என்றான்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், குடையை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். புதைந்த கல், செங்கல், ஏதாவது பந்தைத் தடுத்திருக்கும் என்று புல் முழுக்கக் குத்திப் பார்த்தேன். எங்கே குத்தினாலும் மெத்து மெத்தென்று மண். ஓர் இடத்தில் மட்டும் குடை இறங்கவில்லை. கல் என்று குனிந்து தொட்டேன். புல்தான். மிதிபட்டு மிதிபட்டு இறுகிப்போன தரை, வெதுவெதுவென்று இருந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று தெரியாது. சிராங்கூன் ரோட்டில் ஒரு ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தேன். குடை இல்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம். துறைமுகக் கிளப்பில் நான் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் அதன் துணைத்தலைவர், பண்டகசாலை மேஸ்திரி, தன் பெண்ணைக் கொடுத்தார். அதனால் என் மாமனார் வீட்டில் நான் மாப்பிள்ளை கிடையாது, மாற்று. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளியிடமும் மாமியார், "ஆறடி ஆளைக் குடுத்துட்டு வாங்கினது" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். போன வாரம் கறிக்கடைக்குப் போனவன் கறி வாங்க மறந்து, பேப்பர் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, அந்த முனியாண்டி அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம்."