ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் றமேசுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் மாமி நேசமும் சுகம். மெல்பேர்னில் நீரும் அவ்வாறே இருக்கச் செபிக்கிறோம். நிற்க.

நம் மரண உதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நாளை மறுநாள். முப்பத்தொரு வருடமாக நான்தான் செயலாளர். நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவரின் பெயரும் என் பழைய கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் காட்டாவிட்டால் என் பதவி போய்விடும். பிரின்டர் செத்துவிட்டது. பிளொப்பித் தட்டைக் கம்ப்யூட்டர் வாசிக்கும், அதில் எழுதாது. "திரையைப் பார்த்துக் கொப்பியில எழுதுங்கோவன்" என்றாள் நேசம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் கொப்பியில் எழுதுவதா? பொருளாளர் ஷெல்டன் வேறு வாசலில் நின்று, "என்ன அங்கிள், லிஸ்டையும் பெட்டிக்குள்ள வச்சு அடக்கம் பண்ணியாச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

பக்கத்து வீட்டு ரொஷேலின் லாப்டொப்புக்கு வயர் வழியாகப் பட்டியலை அனுப்பலாம் என்று, வெள்ளவத்தையில் மக்கீனின் ரிப்பேர் கடைக்கு நாலு நாள் அலைந்து ஒரு பழைய நெட்வேர்க் கார்ட் வாங்கினேன். அதை இயக்குகிற டிரைவர் புரோகிராமில் இரண்டு முறையாம்: ஓடிஐ, என்டிஐஎஸ். எது சரி என்று கேட்டால், "ரெண்டும் சரிதான் அங்கிள், ரெண்டு கம்பெனிக் கூட்டம் ரெண்டு மாதிரி செஞ்சிரிக்கி. ஒண்டை மட்டும் போடுங்க" என்கிறார் மக்கீன். இரண்டும் சரியென்றால் எதற்கு இரண்டு? உட்கார்ந்து ஒப்பிட்டேன். ஓடிஐயில் மூன்று புரோகிராமை வரிசையாகக் கூப்பிட வேண்டும். வரிசை பிசகினால் ஒன்றும் அசையாது. என்டிஐஎஸ்ஸில் ஒரு மனேஜர் முதலில் வந்து இருந்துகொண்டு, இன்னாரோடு இன்னார் என்று சோடி சேர்க்கிறார். முன்னதில் ஒழுங்கு இருக்கிறது, தலைவர் இல்லை. பின்னதில் தலைவர் இருக்கிறார், அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உம்மைப் போனில் கேட்டதற்கு, "அது நான் பிறக்கிற காலத்துச் சண்டை மாமா, இப்ப ஒருத்தரும் கதைக்கிறேல்ல" என்று சிரித்தீர். வென்றது யார் என்று சொல்ல வேண்டாமா?

நம் சங்கத்தில் ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதிக்காமல் ஒரு தீர்மானமும் நிறைவேறாது. அந்த முறைப்படி இரண்டையுமே போட்டேன். ஓடிஐ பிரேரிக்கட்டும், என்டிஐஎஸ் ஆமோதிக்கட்டும். இரண்டும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்தன. இப்ப கறுப்புத் திரையில ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிக்குது, முன்னுக்கும் போகேல்ல, பின்னுக்கும் வரேல்ல. மக்கீனுக்குப் போன் எடுத்தால், "ரெண்டையுமா போட்டீங்க? யா அல்லாஹ்!" என்று வைத்துவிட்டார். பிழை என்னுடையது அல்ல. அந்த இரண்டு கூட்டமும் ஒரு பொதுக்கூட்டம் கூட்டிப் பேசியிருக்க வேண்டும்.

ஆகவே எது சரியான முறை என்று உடனே எழுத்தில் அறியத் தரவும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். தேவமாதா உம்மைக் காப்பாராக.

இப்படிக்கு,
மாமா பேதுரு
(செயலாளர்)

பி.கு.: ஞாயிறு மாலை. கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. கூட்டம் நடந்தது. நான் வெள்ளவத்தைக்கு அலைந்த நாலு நாளும் நேசம் திரையைப் பார்த்து நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் கொப்பியில் எழுதி முடித்திருக்கிறாள். ஷெல்டன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புதிய செயலாளராக அவளைப் பிரேரித்தான். ஆமோதிக்க ஒருவரும் எழவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முறை முறைதான். எழுந்து ஆமோதித்தேன். மேலே கேட்டதற்குப் பதிலை இனிச் செயலாளரின் பெயருக்கே அனுப்பவும்.