நானும் அதேதான்

"முதல் கேள்விக்கு என்ன எழுதினீங்க, டெய்லர் சார்?"

முதல் கேள்விக்கு மட்டுமல்ல, எந்தக் கேள்விக்கும் டெய்லர் எதையும் எழுதவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து விடைத்தாளில் எழுதியது தன் பதிவெண்ணை மட்டும்தான்.

கேட்டவள் பேக்கரிக்காரி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வயதான பிறகு பள்ளிப் பரீட்சை எழுத வருகிறவர்களுக்கு ஒதுக்கிய அறையில், அவருக்கு முன் பெஞ்சு. நான்கு வருடத்துக்கு முன்னால் இருவரும் வேதியியலில் மட்டும் நேர்மையாகவே தோற்றார்கள். மறு வருடம் டெய்லர் துணி வெட்டும் மேசையில் புத்தகத்தை விரித்துப் போட்டு, கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்தார். முன் பெஞ்சில் அவள் பின்னல் தெரிந்தது. பாஸாகிவிட்டால் அடுத்த வருடம் இங்கே வர என்ன சாக்கு என்று தோன்றியது. பேனா நின்றுவிட்டது. அன்று முதல் வெறும் தாள்தான்.

நாற்பத்து நாலு வயது மனிதர் செய்கிற காரியமா இது என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. அவள் ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவளும் தன்னைப்போலத் தனிக்கட்டை என்பது வரைக்கும் தெரியும். பரீட்சை முடிந்து பஸ் வரும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் வருடம் முழுக்கக் காத்திருந்தார். போன் நம்பர் கேட்க மூன்று வருடமும் வாய் திறந்தார். மூன்று வருடமும், "பஸ்ல கூட்டமா இருக்குமா?" என்றுதான் வந்தது.

"சார், முதல் கேள்வி?"

"இரும்பு துருப்பிடிக்கக் காத்தும் தண்ணியும் வேணும்னு எழுதினேன்" என்றார். அவள் முன்னால் முட்டாளாக நிற்க மனம் வரவில்லை.

"நானும் அதேதான்."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அவர் சரியான விடையைச் சொல்லச் சொல்ல, "நானும் அதேதான்" என்றாள். டெய்லர் மனசுக்குள் மதிப்பெண்ணைக் கூட்டினார். இப்படியே போனால் இவள் பாஸாகிவிடுவாள். அடுத்த வருடம் முன் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

"அமிலத்துல நீல லிட்மஸ் காகிதத்தைப் போட்டா?"

"பச்சையாகும்" என்றார் துணிந்து.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "நானும் அதேதான்."

டெய்லருக்கு உயிர் வந்தது. தண்ணீரில் மூன்று ஹைட்ரஜன் என்றார். சாப்பாட்டு உப்பில் கந்தகம் இருக்கிறது என்றார். ஆக்சிஜனைக் கண்டால் நெருப்பு அணைந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் நானும் அதேதான்.

"நிஜமாவா? நெருப்பு அணையும்னா எழுதினீங்க?"

"ஆமா. ஏன் சார், தப்பா?" கேள்வித்தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்போ நாம ரெண்டு பேரும் பெயிலா?"

அவள் உதடு லேசாக நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தார் டெய்லர். ஊரே சிரிக்க நான்கு தடவை தோற்றவள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"சேச்சே, அதெல்லாம் சரியான விடைதான்" என்றார் அவசரமாக. "புதுப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க கண்டிப்பா பாஸ்."

"நீங்களும்?"

"நானும்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷத்தை மறைக்கிறாள் போலிருக்கிறது.

"அப்போ அடுத்த வருஷம் வர வேண்டியதில்ல" என்றாள் மெதுவாக.

"வேண்டியதில்ல."

"சந்தோஷம் சார்."

"சந்தோஷம்." நம்பரைக் கேள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "பஸ்ல கூட்டமா இருக்குமா?"

"இருக்காது."

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இருந்தும் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். பின்னல் கேட்டைத் தாண்டி மறையும்வரை டெய்லர் நின்றார். இனி ஆயுளுக்கும் துணி தைத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. துடைக்கப்போனால் மூக்குக்கண்ணாடி இல்லை. பெஞ்சிலேயே விட்டிருந்தார்.

அறையில் கண்காணிப்பாளர் தனியாக இருந்தார். வருடா வருடம் அதே மனிதர்தான். பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்று, விடைத்தாள்களின் காலிப் பக்கங்களில் சிவப்புப் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியா? இந்தாங்க" என்றார் நிமிராமல். "நாலு வருஷமா உங்க பேப்பருக்குக் கோடு போட்டே என் கை ஓஞ்சு போச்சு சார்."

"மன்னிச்சுக்குங்க."

"உங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது? முன் பெஞ்சு அம்மாவும் நாலு வருஷமா பதிவு நம்பரை மட்டும் எழுதிட்டு, வெறும் பேப்பரைத்தான் குடுத்துட்டுப் போறாங்க."